பட்டாயாவுக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா? முதலில் எங்கே தங்குவது என்று முடிவு செய்யுங்கள்

தாய்லாந்தின் கடற்கரை நகரமான பட்டாயாவுக்குக் குழந்தைகளையும் வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். தாராளமாகப் போகலாம், ஆனால் ஹோட்டலை எந்தப் பக்கம் எடுக்கிறீர்கள், இருட்டிய பிறகு எந்தத் தெருவில் இருக்கிறீர்கள் என்ற இரண்டையும் டிக்கெட் போடும்போதே யோசித்துவிட வேண்டும். இந்த இரண்டும் சரியாக அமைந்தால் மீதி எல்லாம் சின்னச் சின்ன ஏற்பாடுகள்தான்.

இரவு விடுதிகளின் ஊர் என்று பட்டாயாவுக்கு ஏன் ஒரு பெயர் என்பது தெரிந்ததுதான். சிறிய மீனவ கிராமமாக இருந்த இடம் அது. 1959-இல் தாய்லாந்தின் கோராட் நகரப் பக்கம் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் ஓய்வுக்கு அங்கே வந்தார்கள், வியட்நாம் போர்க் காலத்தில் அந்தக் கூட்டம் பெருகியது, அவர்களை நம்பி மதுக்கடைகளும் இரவு விடுதிகளும் வரிசையாக முளைத்தன, போர் முடிந்த பிறகும் அந்தத் தொழில் நின்றுவிடவில்லை. ஆனால் பாங்காக்கிலிருந்து சாலை வழியே இரண்டு மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய கடற்கரை என்பதால் சனி ஞாயிறுகளில் தாய்லாந்துக் குடும்பங்களும் பாட்டி பேரனோடு பாயைச் சுருட்டிக்கொண்டு இங்கேதான் வருகின்றன. அவர்கள் எங்கே தங்குகிறார்கள், எங்கே சாப்பிடுகிறார்கள் என்று பார்த்து அதன்படி போனாலே பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

ஊரை மனதில் இப்படிப் பிடித்துக்கொள்ளுங்கள். கடற்கரை வடக்கிலிருந்து தெற்காக நீள்கிறது. வடக்கு நுனியில் நாக்லுவா, அதையொட்டி வோங் அமாத் கடற்கரை, அமைதியான பக்கம். அடுத்து நடு பட்டாயா, பீச் ரோடு, பெரிய வணிக வளாகங்கள் எல்லாம் இங்கே. அதன் தெற்கு முனையில் வாக்கிங் ஸ்ட்ரீட், இரவு வாழ்க்கையின் மையம். அதைத் தாண்டினால் பாலி ஹாய் படகுத் துறை, பிறகு பிரதம்னாக் குன்று, குன்றுக்கு அந்தப் பக்கம் ஜோம்தியன் கடற்கரை. குடும்பத்தோடு போகிறவர்கள் வோங் அமாத், பிரதம்னாக், ஜோம்தியன் இந்த மூன்றில் ஒன்றில் தங்குங்கள் என்பது என் உறுதியான கருத்து. பெரியவர்கள் இருந்தால் வோங் அமாத். குழந்தைகள் தினமும் மணலில் விளையாட வேண்டும் என்றால் ஜோம்தியன், ஏனென்றால் கடற்கரை நீளமாக இருப்பதால் கூட்டம் பரவிவிடும்.

நடு பட்டாயாவில்தான் தங்க வேண்டும் என்றால் வடக்குக் கோடியில், டெர்மினல் 21 வளாகத்துக்குப் பக்கமாகப் பாருங்கள். சோய் என்று அவர்கள் சொல்லும் குறுக்குத் தெருக்களின் எண்கள் வடக்கிலிருந்து தெற்காக ஏறிக்கொண்டே போகும். சோய் 6, சோய் 7, சோய் 8 என்று விலாசத்தில் பார்த்தால், அறை எவ்வளவு அழகாக இருந்தாலும், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வேண்டாம் என்று விட்டுவிடுங்கள். வாசலிலேயே மதுக்கடைகள், விடியும் வரை சத்தம். பதிவு செய்யும் முன் வரைபடத்தில் ஹோட்டலைச் சுற்றி என்னென்ன கடைகள் இருக்கின்றன என்று பெரிதாக்கிப் பாருங்கள், தங்கிவிட்டு வந்தவர்கள் எழுதியதில் சத்தம் பற்றி யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று தேடுங்கள். நீச்சல் குளம் இருக்கும் ஹோட்டலாக எடுப்பது நல்லது. மதியம் பதினொன்று முதல் மூன்று மணி வரை வெளியே வெயில் தாங்க முடியாது, அந்த நேரத்தைக் குழந்தைகள் குளத்தில் கழித்துவிடுவார்கள். பல ஹோட்டல்களில் அறைக்குள் நுழையும்போது 1,000 அல்லது 2,000 பாட் (தாய்லாந்துப் பணம்) முன்பணம் வாங்கிக்கொண்டு கிளம்பும்போது திருப்பித் தருவார்கள், அதற்கான ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது போவது? நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம், ஒரு மணி நேரம் கொட்டினால் தாழ்வான சாலைகளில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான் புத்தாண்டு, ஊர் முழுக்கத் தண்ணீர் அடிப்பார்கள், பட்டாயாவில் அது அதோடு முடியாமல் 19-ஆம் தேதி வரை நீளும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான், ஆனால் கைக்குழந்தையோடும் முதியவர்களோடும் அந்த வாரம் போக வேண்டாம்.

விசா விஷயத்தில், 2024 ஜூலையிலிருந்து இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களை 60 நாள் வரை விசா இல்லாமல் அனுமதிக்கத் தொடங்கினார்கள். இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன, எனவே பணம் கட்டும் முன் தூதரக இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், குழந்தைகள் உட்பட ஒவ்வொருவருக்கும் தனியாக. இதற்குக் கட்டணம் கிடையாது. தேடினால் முதலில் வந்து நிற்கிற சில தளங்கள் பணம் கேட்கும், அவை அரசுத் தளங்கள் அல்ல, மூடிவிடுங்கள். திரும்பி வரும் டிக்கெட், ஹோட்டல் பதிவு இரண்டையும் காகிதத்தில் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும், சில நேரம் காட்டச் சொல்வார்கள்.

சென்னையிலிருந்து விமானம் எடுக்கும்போது அது பாங்காக்கின் இரண்டு விமான நிலையங்களில் சுவர்ணபூமியில் இறங்குகிறதா, டோன் முவாங்கில் இறங்குகிறதா என்று கட்டாயம் பாருங்கள். பட்டாயாவுக்குச் சுவர்ணபூமிதான் பக்கம். டோன் முவாங் பாங்காக்கின் வடக்கே இருக்கிறது, அங்கே இறங்கினால் நகரத்தைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். சுவர்ணபூமியின் கீழ்த்தளத்திலிருந்தே ஜோம்தியன் வரை பேருந்து இருக்கிறது, ஆளுக்கு 150 பாட் அளவில்தான் ஆகும். நான்கு பேரும் நான்கு பெட்டியும் என்றால் டாக்சியே மேல். விலையைப் பேசும்போதே சுங்கக் கட்டணமும் சேர்த்துத்தானா என்று கேட்டுவிடுங்கள். ரூபாயை அங்கே கொண்டுபோய் மாற்றினால் நஷ்டம் அதிகம், மடிப்பு இல்லாத 100 டாலர் நோட்டுகளாகக் கொண்டுபோய் பட்டாயாவில் தெருவோர மாற்றுக் கடைகளில் மாற்றுங்கள். ஏடிஎம்மில் வெளிநாட்டு அட்டை போட்டால் எடுக்கிற ஒவ்வொரு தடவையும் 220 பாட் அல்லது அதற்கு மேல் பிடிப்பார்கள், எடுத்தால் மொத்தமாக ஒரே தடவை எடுங்கள்.

ஊருக்குள் போய்வர சொங்தேவ். கரும்நீல நிறத்தில் பின்பக்கம் இரண்டு நீளப் பலகை போட்ட சின்ன வண்டி, நம் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரிதான். பீச் ரோட்டில் வடக்கிலிருந்து தெற்காக மட்டும் போகும், செகண்ட் ரோடு என்ற இரண்டாவது சாலையில் தெற்கிலிருந்து வடக்காக மட்டும் வரும். இது ஒன்று புரிந்துவிட்டால் வழி தவறவே முடியாது. ஓடிக்கொண்டிருக்கிற வண்டியைக் கை காட்டி நிறுத்துங்கள், எங்கே போகிறது, எவ்வளவு என்று எதுவும் கேட்காமல் பின்னால் ஏறி உட்காருங்கள். இறங்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் கூரையில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் மணி அடிக்கும், வண்டி ஓரம் கட்டும். இறங்கி முன்பக்கம் நடைபாதையை ஒட்டிய ஜன்னல் வழியாகக் காசைக் கொடுத்துவிட்டு நடக்க வேண்டியதுதான். ஆளுக்கு 10 முதல் 20 பாட்டுக்குள் முடிந்துவிடும், சில்லறையை எண்ணித் தயாராக வைத்திருங்கள். நின்றுகொண்டிருக்கும் காலி வண்டியிடம் போய் விலை கேட்டால் முழு வண்டியையும் வாடகைக்குக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு 200, 300 என்று சொல்வார்கள், அது ஏமாற்று அல்ல, வேறு கணக்கு. ஏறும் படி கொஞ்சம் உயரம். முழங்கால் வலி உள்ள அம்மாவையோ மாமியாரையோ முதலில் ஏற்றி ஓரத்தில் இல்லாமல் உள்ளே தள்ளி உட்கார வையுங்கள், இறங்கும்போது நீங்கள் முதலில் இறங்கிக் கை கொடுங்கள். அவர்களுக்கு அதுவும் சிரமம் என்றால் போனில் கிராப் அல்லது போல்ட் டாக்சிச் செயலியை வைத்துக்கொண்டு காரிலேயே போங்கள், விலை முன்கூட்டியே தெரிந்துவிடும்.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்க வேண்டாம். சர்வதேச ஓட்டுநர் உரிமம் இல்லாமல் ஓட்டி விபத்து ஆனால் பயணக் காப்பீடு ஒரு பைசா தராது, அங்கே தனியார் மருத்துவமனைக் கட்டணம் சாதாரணக் குடும்பத்தால் தாங்கக்கூடியதல்ல. பயணக் காப்பீடு எடுக்காமல் யாரும் போகாதீர்கள், பெரியவர்களுக்கு ஏற்கெனவே இருக்கும் நோய்களையும் சேர்த்துப் பாருங்கள்.

கடலில் குளிப்பதற்கு நடு பட்டாயா கடற்கரை எனக்குப் பிடிக்காது. படகுகளும் ஜெட் ஸ்கீகளும் கரைக்கு மிக அருகே வந்து போகின்றன. மிதவைக் கயிறு கட்டிய பகுதிக்குள் மட்டும் குளியுங்கள், பிள்ளைகள் கயிற்றுக்கு வெளியே போகாமல் பெரியவர் ஒருவர் தண்ணீரிலேயே நிற்க வேண்டும், கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வது போதாது. ஜெட் ஸ்கீ வாடகை பற்றி ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும்: திருப்பிக் கொடுக்கும்போது ஏற்கெனவே இருந்த கீறலைக் காட்டி ஆயிரக்கணக்கில் பணம் கேட்பது பல ஆண்டுகளாக நடக்கிற மோசடி. என் யோசனை எடுக்கவே வேண்டாம் என்பது. பிள்ளைகள் விடவில்லை என்றால், ஏறும் முன் வண்டியை நான்கு பக்கமும் அடிப்பக்கமும் வீடியோ எடுங்கள், கடவுச்சீட்டை எந்தக் காரணத்துக்காகவும் கையில் கொடுக்காதீர்கள். தகராறு என்றால் அங்கேயே நின்றபடி சுற்றுலாக் காவல் துறைக்கு 1155-இல் அழையுங்கள், ஆங்கிலத்தில் பேசலாம். இந்த எண்ணையும் ஆம்புலன்ஸுக்கான 1669-ஐயும் எல்லோர் போனிலும் போட்டுவிடுங்கள்.

நல்ல கடல் வேண்டுமானால் கோ லான் தீவுக்குப் போங்கள். பயண முகவர்கள் கோரல் ஐலேண்ட் என்று விற்பது இதைத்தான். அவர்கள் வேகப் படகில் ஏற்றி, நடுவில் பாராசெய்லிங் மேடையில் நிறுத்தி, தவேன் கடற்கரையில் இறக்கி, மதியச் சாப்பாடு போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேகப் படகு அலையில் தூக்கித் தூக்கிப் போடும், முதுகுவலி உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது ஆகாது. பாலி ஹாய் துறையிலிருந்து சாதாரணப் படகில் ஆளுக்கு 30 பாட்தான், முக்கால் மணி நேரம், மேல் தட்டில் காற்று வாங்கிக்கொண்டு நிதானமாகப் போகலாம். இதில் இரண்டு வழி இருக்கிறது, ஒன்று நேராகத் தவேன் கடற்கரைக்கு, இன்னொன்று ஊர்ப்பக்கம் இருக்கும் நா பான் துறைக்கு. தவேனில் கடைகளும் கூட்டமும் அதிகம். நா பானில் இறங்கி அங்கிருந்து தீவு வண்டியில் சமே அல்லது தியன் கடற்கரைக்குப் போனால் தண்ணீர் இன்னும் தெளிவாக இருக்கும், இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாலே கால் விரல்கள் தெரியும். காலை எட்டு மணிக்குள் துறைக்குப் போய்விடுங்கள். இறங்கியவுடன் திரும்பும் படகுகளின் நேரப் பலகையைப் படம் எடுத்துக்கொண்டு, கடைசிப் படகுக்கு முந்தைய படகிலேயே கிளம்புங்கள். நாலு மணிவாக்கில் கரைக்குத் திரும்பிவிடுவது இன்னொரு காரணத்துக்காகவும் நல்லது. பாலி ஹாய் துறையின் வாசலை ஒட்டித்தான் வாக்கிங் ஸ்ட்ரீட் தொடங்குகிறது, மாலை ஆறு ஏழு மணிக்கு மேல் வண்டிகளை நிறுத்திவிட்டு அந்தத் தெரு வேறு முகம் காட்டும். ஈர உடையோடு, தூக்கத்தில் இருக்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அதன் வழியே நடக்க வேண்டிய அவசியம் இல்லை. நேரமாகிவிட்டால் துறையிலேயே சொங்தேவ் பிடித்து ஹோட்டலுக்குப் போய்விடுங்கள்.

இருட்டிய பிறகு பீச் ரோட்டு நடைபாதையிலும் பெண்கள் மரத்தடிகளில் நிற்பார்கள். வளர்ந்த பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள், அதட்டி அடக்காமல் அவர்கள் வயதுக்கு ஏற்றபடி பதில் சொல்லுங்கள். அங்கே நிற்பவர்களில் பலர் ஏழைக் கிராமங்களிலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள், வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்கள். முறைத்துப் பார்ப்பதும் போனில் படம் எடுப்பதும் அநாகரிகம், நம்மோடு வரும் ஆண்களுக்கு இதை முன்பே சொல்லிவையுங்கள். மாலையில் போக இடமா இல்லை? டெர்மினல் 21-இன் உணவுக் கூடத்தில் குறைந்த விலையில் எல்லோரும் சாப்பிடலாம், ஜோம்தியனில் கடலோர இரவுச் சந்தை இருக்கிறது, பிள்ளைகள் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்க ஆசைப்படுவார்கள்.

பார்க்கும் இடங்களில் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் நாக்லுவாவில் கடலோரம் இருக்கும் சத்திய ஆலயத்துக்குப் போங்கள். நூறு மீட்டருக்கு மேல் உயரமான, முழுக்க முழுக்க மரத்தாலான கட்டடம். லெக் விரியபான் என்ற தொழிலதிபர் 1981-இல் தொடங்கினார், 2000-இல் அவர் காலமான பிறகும் வேலை நிற்கவில்லை. கடற்காற்றில் பழைய சிற்பங்கள் வெளிறிப் பிளவுபட, அவற்றின் இடத்தில் புதியவற்றைச் செதுக்கிக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் உள்ளே போகும்போது தலைக்கவசம் தருவார்கள். தாய், கம்போடிய, சீன, இந்திய மரபுகளுக்கு ஒவ்வொரு பக்கம். பிள்ளையாரையும் பிரம்மாவையும் சிவனையும் பார்த்ததும் பாட்டிமார்கள் தாங்களே கதை சொல்லத் தொடங்கிவிடுவார்கள், அந்த நேரத்தில் வழிகாட்டியே தேவையில்லை. தச்சர்கள் வேலை செய்யும் கொட்டகையை விட்டுவிடாதீர்கள். தரையெங்கும் மரச்சீவல், ஒருவர் கையளவுத் தாமரை இதழை உளியால் தட்டித் தட்டி எடுப்பார், பக்கத்தில் பாதி முகம் மட்டும் வந்த ஒரு தேவதை சாய்ந்து கிடக்கும். குழந்தைகள் அங்கேயே வெகுநேரம் நின்றுவிடுவார்கள். கட்டணம் 500 பாட் அளவில், தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். படிக்கட்டுகள் நிறைய, சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்குச் சிரமம்.

தெற்கே ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். நோங் நூச் தோட்டம், காவ் சீ சான் மலை, ராமாயணா தண்ணீர்ப் பூங்கா எல்லாம் ஒரே திசை. காவ் சீ சானில் 1996-இல் மன்னர் பூமிபோல் ஆட்சியின் பொன்விழாவுக்காக மலைப் பாறையில் நூறு மீட்டருக்கும் மேல் உயரமான புத்தர் உருவத்தை வரைகோடாகப் பொறித்துத் தங்க நிறம் பதித்திருக்கிறார்கள். காலையிலேயே போய்விடுங்கள், அரை மணி நேரம் போதும். பிறகு நோங் நூச், அளவு மிகப் பெரியது, உள்ளே சுற்றிக்காட்டும் வண்டிக்கும் சேர்த்தே சீட்டு வாங்குங்கள். வழியெல்லாம் டைனோசர் பொம்மைகள் நிற்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு அலுக்காது. யானை வித்தையும் உண்டு, அதையும் புலியோடு படம் எடுக்கும் இடங்களையும் தவிர்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த மிருகங்களை எப்படிப் பழக்கியிருப்பார்கள் என்று யோசித்தால் கைதட்ட மனசு வராது. பிரதம்னாக் குன்றில் இருக்கும் பெரிய புத்தர் கோயிலை ஒரு மாலையில் பார்த்துவிடலாம், கட்டணம் இல்லை.

பேக்கேஜ் டூராகப் போகிறவர்கள் அட்டவணையில் ரத்தினக் கடை இருக்கிறதா என்று பாருங்கள். அரை நாள் அதில் போய்விடும், வேண்டாம் என்று முன்கூட்டியே எழுத்தில் சொல்லி நீக்கச் சொல்லுங்கள்.

சாப்பாடு. ஊரில் இந்திய உணவகங்கள் ஏராளம், தோசையும் கிடைக்கும், ஆனால் விலை கூடுதல். சுத்த சைவக்காரர்கள் தாய் உணவைத் தொடவே முடியாது என்று நினைக்க வேண்டாம். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து போட்ட கொடியோ பலகையோ தொங்கினால் அது ஜே கடை, மீன், முட்டை, பால் மட்டுமல்ல, வெங்காயம் பூண்டும் சேர்க்க மாட்டார்கள். மற்றக் கடைகளில் காய்கறி மட்டும் போட்டுத் தாருங்கள் என்று சொன்னாலும் மீன் சாறும் சிப்பிச் சாறும் ஊற்றிவிடுவார்கள், அவர்களைப் பொறுத்தவரை அது உப்பு போடுவது போன்ற பழக்கம். ஜே என்று கேளுங்கள், இல்லாவிட்டால் மை சை நம் பிளா என்று சொல்லுங்கள், மீன் சாறு வேண்டாம் என்பது புரிந்துவிடும். பப்பாளிச் சாலட்டில் காய்ந்த இறாலும் இருக்கும். மாம்பழத்தோடு தேங்காய்ப் பால் ஊற்றிய பசையரிசிச் சாதம் எல்லோருக்கும் பிடிக்கும். கைக்குழந்தைக்கும் பெரியவர்களுக்கும் ரசப்பொடி, அவல், ஒரு சின்ன மின்சாரக் குக்கர் கொண்டுபோனால் முதல் இரண்டு நாள் வயிறு பழகும் வரை உதவும். பாலும் தயிரும் பிஸ்கட்டும் எந்த நேரத்திலும் செவன் இலெவனில் கிடைக்கும். பச்சைக் கஞ்சா இலைப் படம் போட்ட கடைகளிலோ பொட்டலங்களிலோ மிட்டாய், பிஸ்கட் எதுவும் வாங்காதீர்கள், பிள்ளைகளிடம் அந்தப் படத்தைக் காட்டி எச்சரித்துவிடுங்கள். மின்சிகரெட் அங்கே சட்டவிரோதம், பெட்டியில் யாராவது வைத்திருந்தால் வீட்டிலேயே எடுத்து வைத்துவிட்டு வரட்டும். சில கடற்கரைகளில் சிகரெட் பிடித்தால் அபராதம் ஒரு லட்சம் பாட் வரை போகும்.

காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் பொது இடங்களில் தேசிய கீதம் ஒலித்தால் சுற்றியிருப்பவர்கள் நிற்பார்கள், நீங்களும் நின்றுவிடுங்கள். அரச குடும்பத்தைப் பற்றி விளையாட்டாகக்கூட எதுவும் பேச வேண்டாம், சட்டம் கடுமையானது. கட்டட வாசல்களில் தூண் மேல் சின்ன மாடம் இருக்கும், முன்னால் ஸ்ட்ரா போட்ட சிவப்புக் குளிர்பான பாட்டில் வைத்திருப்பார்கள். அது காவல் தெய்வத்துக்குப் படையல், குழந்தைகள் ஆசையில் கை வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் நாளை ஞாயிற்றுக்கிழமை மாலையாக வைக்காதீர்கள். பாங்காக் மக்கள் அத்தனை பேரும் அதே நெடுஞ்சாலையில்தான் வீடு திரும்புகிறார்கள், இரண்டு மணி நேரப் பயணம் எவ்வளவு நீளும் என்று சொல்ல முடியாது. அன்றைக்குத்தான் விமானம் என்றால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பட்டாயாவை விட்டுக் கிளம்பிவிடுங்கள், மீதி நேரத்தை விமான நிலையத்தில் கழிக்கலாம்.